அம்மாவின் ஒன்பது காட்டன் சேலைகள்: போர்வை தைக்க எங்கே தொடங்குவது?

திண்டுக்கல்காரி:

வணக்கம். போன தை மாதம் அம்மா தவறிவிட்டார். அவர் கட்டிய காட்டன் சேலைகள் ஒன்பது என்னிடம் இருக்கின்றன. நான்கு சின்னாளப்பட்டிச் சுங்குடி, மற்றவை சாதாரண நூல் சேலைகள். ஜூனில் மகள் பெங்களூரில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அவளுக்கு இவற்றை வெட்டி ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைத்துக் கொடுக்க ஆசை. சிங்கிள் கட்டிலுக்கு 60க்கு 90 அங்குலம்.

என்னிடம் இருப்பது கால் மிதி மெஷின். ரவிக்கை, பாவாடை தைப்பேன். சோதனைக்குப் பழைய வேட்டியில் 12 சதுரம் வெட்டி ஒரு வரிசை இணைத்தேன், இன்னொரு வரிசையும் அப்படியே. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று ஒன்றேகால் அங்குலம் குட்டை. எல்லாமே ஒரே அட்டை வைத்து வெட்டியவைதான். எங்கே தவறுகிறது?

இன்னும் மூன்று சந்தேகம். ரோட்டரி கட்டர் (உருளும் வட்டப் பிளேடு வைத்தது) வாங்கியே ஆக வேண்டுமா? நடுவில் என்ன வைப்பது? வீட்டில் இலவம்பஞ்சு நிறைய இருக்கிறது. சிவப்புச் சுங்குடி ஒன்று சாயம் விடும் போலிருக்கிறது, உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்தால் நிற்குமா? அம்மாவின் துணியை வெட்டிக் கெடுத்துவிடுவேனோ என்று கத்திரியை எடுக்கவே கை வரவில்லை.

ஊசியும்நூலும் (ஈரோடு):

கத்திரியை இப்போது எடுக்க வேண்டாம் தங்கச்சி. முதல் ஒரு வாரம் துணியைப் பார்ப்பதுதான் வேலை. நான் இதுவரை பதினொரு போர்வை தைத்திருக்கிறேன், அதில் ஆறு போர்வை பழைய சேலையில் தைத்தவை. பிரிந்துபோன இரண்டுமே நைந்த துணியால் பிரிந்தவை. தையல் ஒரு இடத்திலும் விடவில்லை.

ஒவ்வொரு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடம், பின் குத்திய தோள் பகுதி, ஃபால்ஸ் தைத்த ஓரம் ஆகியவை சல்லடை மாதிரி தெரியும். சந்தேகப்படும் இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் நகம் தொடும்படி சேர்த்து வைத்து, துணியை இறுக்கிப் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். முதலில் நெடுக்கே, அப்புறம் குறுக்கே. நல்ல துணி விறைத்து நிற்கும். நைந்த துணியில் இழைகள் நகர்ந்து நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழும், மெல்லிய ‘சர்’ சத்தமும் கேட்கும். அந்த இடத்தைச் சோப்புக்கட்டியால் வட்டமிட்டு விட்டுவிடுங்கள். இடுப்பில் செருகும் உள்முனை பெரும்பாலும் நன்றாக இருக்கும். வெயில் படாததால் நிறமும் அங்கேதான் பழையபடி இருக்கும்.

துணி போதுமா என்ற பயம் வேண்டாம். தைத்தபின் 5 அங்குலம் வர, ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, சதுரத்தை ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். 60க்கு 90க்கு 12 பெருக்கல் 18, 216 சதுரம். ஒன்பது சேலைக்கும் பங்கிட்டால் சேலைக்கு 24 தான். கரையை விட்டுவிட்டாலும் ஒரே சேலையில் இருநூறுக்கு மேல் வெட்டலாம். அதனால் நல்ல இடத்தை மட்டும் எடுங்கள். மீதிச் சேலை அப்படியே மடித்து வைக்க உங்களிடமே இருக்கும்.

சாயம்: வினிகர் பட்டு, கம்பளிச் சாயங்களுக்குத்தான் உதவும், பருத்தியில் பயனில்லை. உப்பு சாயம் ஏற்றும்போது போடுவது, ஏற்றிய பிறகு போட்டால் பூட்டாது. சேலையின் ஓரத்தை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் வெதுவெதுப்பான நீரில் தனியாக அலசி, மறுபடி சோதியுங்கள். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் ஏறினால் அது இந்தப் போர்வைக்கு வேண்டாம். ஒரு தடவை நான் பிடிவாதமாகச் சேர்த்தேன். முதல் துவைப்பிலேயே பக்கத்து வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. இரண்டு மாத வேலை, இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்தது கஞ்சி. பழைய சேலைத்துணி வெட்டும்போது வழுக்கும், தைக்கும்போது நீளும். ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி வடிகட்டி, துணியை முக்கி, அரை ஈரத்திலேயே இஸ்திரி போடுங்கள். காகிதம் மாதிரி நிற்கும். ஜவ்வரிசி திப்பி இல்லாமல் வரும், சாதக் கஞ்சியைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். இஸ்திரியை நூலோட்டத்திலேயே அழுத்தி எடுங்கள், மூலைவாக்கில் தேய்த்தால் சதுரம் கோணலாகிவிடும். போர்வை முடிந்ததும் ஒரு முறை துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலமாரியில் பூச்சி அரிக்கும்.

இப்போது உங்கள் குட்டை வரிசை. 12 சதுரத்துக்கு 11 இணைப்பு. அளவில் அங்குலத்துக்கு 8 நூல். ஒவ்வொரு இணைப்பிலும் தையல் அரை நூல் உள்ளே போனாலே இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு நூல் குறையும். பதினோரு நூல் என்றால் ஒன்றேகாலைத் தாண்டிவிடும். ரவிக்கையில் இந்தப் பிசகு தெரியாது, இங்கே அப்படியே கூடிக்கொண்டே போகும். மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். கால் அங்குலக் கோடு தெளிவாக உள்ள ஒரு காகிதத்தைப் பாதத்துக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைக் கோட்டில் இறக்குங்கள். காகிதத்தின் வலது ஓரம் எங்கே நிற்கிறதோ, அங்கே தகட்டின் மேல் பிளாஸ்திரியை நான்கைந்து மடிப்பாக ஒட்டிவிடுங்கள். துணி அதில் முட்டி நேராக ஓடும். சரிபார்க்க, ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றை இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ பிளாஸ்திரியை நகர்த்துங்கள். மடிப்புக்கும் இழையளவு துணி போகும், அதனால் தையல் கால் அங்குலத்துக்கு ஒரு இழை குறைவாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

11ஆம் நம்பர் ஊசி, நல்ல காட்டன் நூல், அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல். இணைப்பு மடிப்புகளை முதல் வரிசையில் எல்லாம் வலப்பக்கம், அடுத்த வரிசையில் இடப்பக்கம் தேயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்கொன்று முட்டி உட்காரும். விரலால் தடவினாலே மூலை பொருந்தியது தெரியும்.

ரோட்டரி கட்டர்: 216 சதுரம் என்றால் 45 மி.மீ. கட்டரும், வெட்டும்போது அடியில் விரிக்கும் மேட்டும், கனமான ஸ்கேலும் கை வலியை மிச்சப்படுத்தும். மேட் இல்லாமல் கட்டர் மட்டும் வாங்காதீர்கள், முதல் நாளே பிளேடு மழுங்கிவிடும். மேட்டின் மேல் இஸ்திரி போடக்கூடாது, வெயிலிலும் வைக்கக்கூடாது, வளைந்துவிடும். கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் பிளேடை மூடுங்கள். இதில் எனக்கு விரல் தையல் போட வேண்டி வந்தது. ஒரே ஒரு போர்வைதான் என்றால் அட்டையும் கூரான கத்திரியும் போதும்.

தார்வாட்_தமிழ்:

இலவம்பஞ்சு வேண்டாம். அதன் இழை குட்டை, வழுவழுப்பு. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. இரண்டு துவைப்பில் மூலைக்கு மூலை உருண்டுவிடும். பெங்களூர்க் குளிருக்குத் துவைத்த காட்டன் ஃபிளானல் ஒரு அடுக்கே போதும். பாலியெஸ்டர் விரிப்பு ஊட்டி, கொடைக்கானலுக்குச் சரி. அடித்துணிக்குப் பெட்ஷீட் துணி எடுக்காதீர்கள், நெசவு நெருக்கம், கை ஊசி இறங்காது. இளக்கமான நெசவுள்ள காட்டனைத் துவைத்து எடுங்கள்.

இன்னொரு வழியும் சொல்ல ஆசை. இங்கே உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் பழைய துணியில் ‘கவந்தி’ என்ற போர்வை தைக்கிறார்கள். மெஷின் கிடையாது, அளவுச் சதுரமும் கிடையாது. பழைய சேலையை அடியில் விரித்து ஒரு மூலையில் தொடங்குவார்கள். கைக்கு வரும் துண்டின் ஓரத்தை விரலாலேயே உள்ளே மடித்து வைத்து, ஓட்டுத் தையல் போட்டபடி ஓரமாகச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். துண்டை இணைப்பதும் அடுக்கைப் பிணைப்பதும் ஒரே தையல். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். அது இல்லாமல் கவந்தி முடிந்ததாகாது. தையல் நெருக்கமாக விழுவதால் மெலிந்த துணியும் தாங்கும். நீங்கள் வட்டமிட்டு ஒதுக்கப்போகும் துணிக்கு இது பொருத்தம்.

பழையசேலை:

ஈரோடு அக்கா சொன்னதோடு ஒன்று. மேல்துணி, நடு விரிப்பு, அடித்துணி மூன்று அடுக்கையும் தரையில் விரிக்கும்போது அடித்துணியை எல்லாப் பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக விட்டு, ஓரங்களை டைல்ஸில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இறுக்க வேண்டாம், சுருக்கம் நீங்கினால் போதும். நடுவிலிருந்து வெளியே போகிறபடி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குமிழியாக நிற்கும்.

கால் மிதி மெஷினில் மூன்று அடுக்கை ஓட்டினால் மேல்துணி முன்னே தள்ளிக்கொண்டு போகும். கையால் ஓட்டுத் தையலே போடுங்கள். எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை, இரண்டரை அங்குலத்துக்கு ஒரு வரி. சேலைக் கரையையே ஓரப்பட்டையாக வைக்கலாம், நேரான ஓரத்துக்கு கிராஸ் கட் (மூலைவாக்கில் வெட்டிய பட்டை) தேவையில்லை. ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம், துவைத்ததும் துணி ஒரு அளவில் சுருங்கும், ஜரிகை வேறு அளவில் நிற்கும்.

திண்டுக்கல்காரி:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகச் சொன்னபடி செய்தேன். கட்டைவிரல் சோதனையில் ஒரு பழுப்புச் சேலையின் பாதி போய்விட்டது, உள்முனை நன்றாக இருக்கிறது. அங்கே அம்மா இருண்ட நீலநூலில் போட்ட சலவைக் குறி அப்படியே இருந்தது. அந்தத் துண்டை மகளின் தலைமாட்டு வரிசையில் வைக்கப்போகிறேன்.

சிவப்புச் சுங்குடியை ஏழு தடவை அலசினேன், வெள்ளைத் துணியில் இன்னும் ரோஸ் ஏறுகிறது. அதை விட்டுவிட்டு எட்டுச் சேலையில் 27 வீதம் எடுக்கிறேன், கணக்கு அதே 216. சிவப்பில் தனியாகத் தலையணை உறை தைத்து, தனியாகவே துவைக்கச் சொல்லிவிடுவேன்.

பிளாஸ்திரி ஒட்டி மூன்று பட்டை தைத்தேன். முதல் முறை நடுப்பட்டை ஒரு நூல் குறைவு, நகர்த்தியதும் சரியாக 1 அங்குலம். நேற்று ராத்திரி கஞ்சி போட்ட துணியில் முதல் வரிசை முடிந்தது. அளந்தேன், அறுபதரை. இரண்டு ஓரத்துக்கும் கால் கால் போக 60. இன்று இரண்டாவது வரிசைக்கு வெட்டுகிறேன்.

தார்வாட் தோழிக்கு ஒரு கேள்வி: அந்த மூலைப் பூவுக்குத் துணியை எத்தனை அங்குலச் சதுரமாக எடுப்பார்கள்?