புதுப்பிப்பு: முன்சக்கரத்துக் கடகட சத்தம், சாக் அப்சார்பர் தப்பித்தது

கோத்தகிரியில் எங்கள் குடும்பக் காரின் இடது முன்பக்கம் மெதுவாகப் போகும்போது கடகடக்கிறது, இரண்டு சாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். கோளாறு பிடிபட்டுவிட்டது: ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு இது.

வேகத்தடையில் இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது சத்தம் வருகிறதா, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது வருகிறதா என்று கவனிக்கச் சொன்ன குன்னூர் அண்ணனுக்கே முதல் நன்றி. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை. தேய்ந்த லிங்க்கும் வாய் திறப்பதில்லை. தேயிலைத் தோட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம்; குழியில்தான் கத்தியது. மெக்கானிக் லிங்க்கைக் கையால் ஆட்டியதுமே அதன் முனையிலுள்ள பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) லொடலொடத்தது. சாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவே இல்லை. பிறகு எதற்கு மாற்றச் சொன்னார்களோ!

இரு பக்கமும் புது லிங்க் போட்டாயிற்று. சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்திருந்ததால் அதையும் மாற்றினோம். அதன் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். இதைச் சொல்லாமலே செய்த மெக்கானிக் மீது எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

வீல் அலைன்மெண்ட்டும் முடிந்தது. மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினோம், சத்தம் இல்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் மெல்லிய முனகல் கேட்கிறது. ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனையிலுள்ள பேரிங் மீது சந்தேகம். அடுத்த வாரம் கழற்றிப் பார்க்கிறோம்.