சின்டரிங்குக்குச் ‘சுட்டிணைவு’

நண்பர்களே,

தூளை அழுத்தி வடிவமாக்கி, சுட்டுக் கெட்டிப்படுத்துவதுதான் சின்டரிங் (sintering). அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட ‘உருகிணைப்பு’, ‘சுட்டிறுக்கம்’ என்ற இரண்டில் முதலாவதை விட்டுவிடலாம். அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, உருகுவது ஏறத்தாழ 2,070 டிகிரி செல்சியசில். ஆனால் அதன் தூள் 1,500, 1,600 டிகிரியிலேயே கெட்டிப்படுகிறது. தூய அலுமினாவில் எதுவும் உருகுவதில்லை. அணுக்கள் திடநிலையிலேயே நகர்ந்து, துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கழுத்தாக வளர்கின்றன.

‘சுட்டிறுக்கம்’ நல்ல சொல்தான், ஆனால் முழுக்கப் பொருந்தவில்லை. அணுக்கள் மேற்பரப்பு வழியாக மட்டும் ஊர்ந்தால் கழுத்து தடிக்கும்; துகள்களின் மையங்கள் நெருங்காது, கட்டியும் சுருங்காது. பருத்த துகள்களைச் சுட்டு, துளைகள் மூடுவதற்குள் நிறுத்தி வடிகட்டிகள் செய்கிறார்களே, அங்கே துகள்கள் இணைந்திருக்கின்றன, கட்டி முழுக்க இறுகவில்லை. ஆகவே நிகழ்வு முழுமைக்கும் ‘சுட்டிணைவு’, அடர்த்தி கூடுவதற்கு மட்டும் ‘இறுகல்’ என்று பிரிப்போம்.

இனி வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் சுட்டிணைவு எவ்வளவு விரைவுபடும்? துகளின் அளவு மாறினால் நேரம் எப்படி மாறும் என்று இயற்பியலாளர் ஹெரிங் 1950இல் தந்த விதிப்படி, அணுக்கள் படிகத்தின் உட்புறமாக ஊடுருவினால் 8 மடங்கு, படிகங்களுக்கு இடையிலான எல்லை வழியாகச் சென்றால் 16 மடங்கு. துகள் சிறுக்கச் சிறுக்க, அதே பருமனுக்கு மேற்பரப்பு கூடுகிறது. அந்த மேற்பரப்பு ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் முனைப்புதான் இதையெல்லாம் இயக்குகிறது. அணு கடக்க வேண்டிய தொலைவும் குறைகிறது.

அப்படியானால் தூளை அரைத்துக்கொண்டே போகலாமா? முடியாது. மிக நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று பற்றித் ‘திரள்’ ஆகிவிடும். திரளின் உள்ளே சீக்கிரம் இறுகிவிடும், திரள்களுக்கு இடையிலோ பெரிய துளைகள் அப்படியே நிற்கும். இதனால்தான் துகள் வேறு, திரள் வேறு என்று சொல்லிலேயே பிரித்தாக வேண்டும் என்கிறேன்.

துகள், திரள் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது சொல் ‘பரல்’ (grain). சுட்ட கட்டிக்குள் இருக்கும் படிகத்தைத் துகள் என்று எழுதுவது பெருங்குழப்பம். கடைசிக் கட்டத்தில் வளர்வது பரல்தான். அது மிக வேகமாக வளர்ந்தால் துளைகளை விழுங்கிவிடும். பரலுக்குள் சிக்கிய துளைக்குப் பக்கத்தில், அணுக்கள் விரைந்து வந்து அதை நிரப்ப வழியான பரல் எல்லை கிடையாது. பிறகு எவ்வளவு நேரம் சுட்டாலும் அது எளிதில் மூடாது.

அப்புறம், சுடுவதற்கு முன் அழுத்தி எடுத்த வடிவத்தைப் ‘பசுங்கட்டி’ எனலாம். சுடாத மண்பானையைக் குறள் ‘பசுமண்கலம்’ என்றே சொல்கிறது. ‘முன்வடிவம்’ என்ற மாற்றுக்கு என் ஆதரவு இல்லை, அது அச்சுக்கும் பொருந்திவிடும்.