எஸ்.பி.ஆர். டாங்க்: நன்றாக அடங்கிய ஸ்லட்ஜ் டீகேன்ட் நேரத்தில் மேலே வருகிறது, உதவி தேவை

முகில்:
வணக்கம். எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எஸ்.பி.ஆர். டாங்க் ஓடுகிறது (நிரப்புவது, காற்றூட்டுவது, அடங்க விடுவது, வெளியேற்றுவது எல்லாம் ஒரே டாங்க்கில் மாறி மாறி நடக்கும்). நிலையத்துக்கு ஊர்க் கழிவுநீரும் பால் பதப்படுத்தும் ஆலைக் கழிவுநீரும் கலந்து வருகின்றன. சுழற்சி 6 மணி நேரம்: நிரப்ப 1, ஏரேஷன் (காற்றூட்டல்) மூன்றரை, அடங்க 1, டீகேன்ட் (தெளிந்த மேல்நீரை வெளியே எடுப்பது) அரை மணி. நிரப்பும்போதே காற்று ஊதும் புளோயர் ஓடத் தொடங்கிவிடும். சுழற்சிக்கு டாங்க்கில் மூன்றில் ஒரு பங்கு நீர் மாறுகிறது.

வெயில் ஏறியதிலிருந்து ஒரே தொல்லை. முதலில் ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) அழகாக அடங்கி மேல்நீர் தெளிவாக நிற்கிறது. டீகேன்டர் இறங்கும் நேரம் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கட்டிகள் மேலே வந்து நீரோடு வெளியே போய்விடுகின்றன.

எம்.எல்.எஸ்.எஸ். (டாங்க் நீரில் கலந்திருக்கும் ஸ்லட்ஜின் அளவு) லிட்டருக்கு 3500 மி.கி. ஒரு லிட்டர் குடுவையில் 30 நிமிடத்தில் ஸ்லட்ஜ் 280 மில்லிக்கு அடங்குகிறது. மற்ற அளவுகளும் லிட்டருக்கு மி.கி.தான். ஏரேஷன் முடிவில் டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்) 5. பி.எச். தொடக்கத்தில் 7.4, முடிவில் 6.4. உள்வரும் நீரில் பி.ஓ.டி. (பாக்டீரியா தின்னும் கரிமக் கழிவின் அளவுகோல்) 250, அமோனியா நைட்ரஜன் 40, காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) 300. வெளியேறும் அமோனியா 2-க்கும் கீழே. நூல் பாக்டீரியா (நூல்போல் நீண்டு ஸ்லட்ஜை அடங்கவிடாத வகை) பெருகிவிட்டது, குளோரின் போடுங்கள் என்கிறார் ஒருவர். போடலாமா?

கரைவழி:
நூல் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு உண்டு, பால் ஆலை நீரில் அது அடிக்கடி வரும். எங்களுக்குக் குளோரின் கைகொடுத்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தீர்களா?

ஆய்வகமேசை:
முகில், தயவுசெய்து குளோரினை இப்போது தொடாதீர்கள். உங்கள் எண்களே பதில் சொல்கின்றன. 280-ஐ 3500-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் அடங்கியபின் பிடிக்கும் இடம், மில்லியில்) 80. நூல் பாக்டீரியா பெருகிய ஸ்லட்ஜில் அது 150-க்கு மேலே போகும். குடுவையில் ஸ்லட்ஜ் இறங்கவே இறங்காது. உங்களுடையது நன்றாக இறங்குகிறது, பிறகுதான் எழுகிறது. அமோனியா முழுக்க நைட்ரேட்டாகிவிட்டது. அடியில் அடங்கிய ஸ்லட்ஜில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விடுகின்றன. அந்தக் குமிழிகள்தான் கட்டிகளைத் தூக்குகின்றன. வெயில் காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். குளோரின் போட்டால் நல்ல ஸ்லட்ஜையும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும்.

நம்பாவிட்டால் அதே குடுவையை அசைக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஸ்லட்ஜ் மேலே வந்தால் கம்பியால் மெல்லக் கலக்குங்கள். குமிழி வெளியேறி மறுபடி இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

முகில்:
அப்படியேதான் நடந்தது சார். முக்கால் மணி தாண்டியதும் அடியில் ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் தெரிந்தன. அப்புறம் ஸ்லட்ஜின் நடுவில் விரிசல் விழுந்து, ஒரு பாளமாகப் பெயர்ந்து மேலே வந்தது. கலக்கியதும் திரும்ப அடங்கிவிட்டது. வெளியேறும் நீரில் நைட்ரேட் நைட்ரஜன் 36. சரி, இதை எப்படிக் குறைப்பது? பி.எச். இறங்குவதும் இதனால்தானா?

ஆய்வகமேசை:
ஆமாம், இரண்டும் ஒரே விஷயம்தான். 1 மி.கி. அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது 7.14 மி.கி. காரத்தன்மை செலவாகிறது. 40-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 286. உங்களிடம் இருப்பதே 300. அதனால்தான் பி.எச். சரிகிறது. நைட்ரேட் வாயுவாகப் போகும்போது மி.கி.க்கு 3.57 திரும்பக் கிடைக்கும். அந்த வேலை அடங்கும் நேரத்தில் நடக்காமல் நிரப்பும் நேரத்திலேயே நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிரப்பும்போது புளோயரை நிறுத்திவிட்டு மிக்சரை மட்டும் ஓட்டுங்கள். டாங்க்கில் நிற்கும் மூன்றில் இரண்டு பங்கு நீரில் பழைய நைட்ரேட் இருக்கிறது. புதிதாக வரும் பி.ஓ.டி. அந்த நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கு உணவு, 1 மி.கி. நைட்ரேட் நைட்ரஜனுக்குச் சுமார் 4 மி.கி. பி.ஓ.டி. போதும், உங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஆக, வெளியேறும் நைட்ரேட் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக வர வேண்டும். அதற்குக் கீழே இறக்க, மாறும் நீரின் பங்கைக் குறைக்க வேண்டும்.

ஏரேஷனையும் கொஞ்சம் வெட்டுங்கள். டி.ஓ. 5 வரை போகிறதென்றால் அமோனியா முன்பே தீர்ந்துவிட்டது. பி.எச். மீட்டரைத் தொடர்ந்து கவனியுங்கள்: அமோனியா இருக்கும்வரை இறங்கிக்கொண்டே வரும், தீர்ந்ததும் நின்று லேசாக ஏறத் தொடங்கும். டி.ஓ.வும் அதே நேரத்தில் சட்டென்று எகிறும். அதன் பிறகு ஓட்டுகிற காற்று கரண்டுக்குத்தான் தண்டம். மிச்ச ஆக்சிஜன் அடுத்த நிரப்பலுக்குப் போய் அங்கேயும் பி.ஓ.டி.யைத் தின்றுவிடும்.

கரைவழி:
எங்களுடையது எஸ்.வி.ஐ. 260, அதனால் குளோரின் அங்கே சரிப்பட்டது. முகிலுக்கு இதுதான் வழி. மிக்சர் இல்லாத டாங்க் என்றால், சில நிமிடம் மட்டும் காற்றைத் திறந்து கலக்கி மூடலாம்.

முகில்:
மிக்சர் இருக்கிறது, ஓட்டுகிறோம். நைட்ரேட் 14-க்கு இறங்கிவிட்டது, பி.எச். 6.9-க்குக் கீழே போவதில்லை, டீகேன்ட் தெளிவாக வருகிறது. ஆலை விடுமுறை நாள்களில் மட்டும் இரண்டொரு கட்டி இன்னும் மிதக்கிறது.

ஆய்வகமேசை:
அன்றைக்கு உள்ளே வரும் பி.ஓ.டி. குறைவு, காற்று மட்டும் அதே அளவு, அதனால் நைட்ரேட் மிஞ்சுகிறது. விடுமுறை நாளுக்குத் தனி டைமர் அமைத்து ஏரேஷனைக் குறையுங்கள். அடங்கும் நேரத்தையும் நீட்ட வேண்டாம், எஸ்.வி.ஐ. 80-க்கு 45 நிமிடம் தாராளம்.