கலைச்சொல் தேவை: ஃப்ளேவர்டு சிரப்

தொடக்க மடல்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் செய்யும் குளிர்பானங்கள் பற்றிச் சிறு கையேடு ஒன்று தொகுத்து வருகிறேன். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அதில் இஞ்சி, புதினா, ஏலக்காய், பன்னீர் ரோஜா என்று ஏதாவதொன்றை ஊறவைத்து, வடிகட்டிப் புட்டியில் வைத்துக்கொள்கிறோமே, அதற்குத்தான் பெயர் வேண்டும். சோடாவில் ஊற்றலாம், ஐஸ் டீயில் கலக்கலாம், கேக் அடுக்குகளில் தடவலாம், ஃப்ரூட் சாலட்டில் விடலாம். வெறும் சர்க்கரையும் தண்ணீரும் என்றால் சிம்பிள் சிரப். வாசனை சேர்ந்தால் ஃப்ளேவர்டு சிரப். 'எளிய பாகு', 'சுவையூட்டிய பாகு' என்று எழுதி வைத்திருக்கிறேன். திரும்பப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

மறுமொழி, சேலத்திலிருந்து

சர்பத் என்று போட்டுவிட்டுப் போகலாமே. நன்னாரி சர்பத் தெரியாத தமிழர் உண்டா? புதுச் சொல் எதற்கு?

மறுமொழி, சித்த மருத்துவர் ஒருவரிடமிருந்து

புதுச் சொல் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் சர்பத்தைவிடப் பொருத்தமான சொல் எங்களிடம் இருக்கிறது: மணப்பாகு. சித்த மருத்துவத்தில் அகமருந்துகள், அதாவது உள்ளுக்குக் கொடுப்பவை, 32 வகை. சாறு, குடிநீர், சூரணம், இளகம், தேனூறல், தீநீர் என்று போகும் அந்த வரிசையில் மணப்பாகும் ஒன்று. சாற்றிலோ குடிநீரிலோ சர்க்கரையோ கற்கண்டோ சேர்த்து, மணம் வரும் பாகுபதத்தில் காய்ச்சி வடிப்பது. மாதுளை மணப்பாகும் ஆடாதோடை மணப்பாகும் இன்றும் நாட்டுமருந்துக் கடையில் புட்டியாகக் கிடைக்கும்.

மறுமொழி, மதுரையிலிருந்து

மருத்துவர் ஐயா தந்த சொல்லுக்கே என் ஓட்டு. ஆனால் கேட்கப்பட்டவை இரண்டு பொருள்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கையேட்டைப் படிப்பவர் அடுப்படியில் திண்டாடுவார்.

சர்பத்தை முதலில் பார்ப்போம். கடையில் 'ஒரு சர்பத்' என்றால் எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு, கிளாஸில் வருவது. அந்தக் கடைக்காரர் மேசைமேல் வைத்திருக்கும் புட்டியில் இருப்பதும் சர்பத். குறிப்பில் 'சர்பத் 30 மில்லி' என்று எழுதினால் எது என்று எப்படித் தெரியும்? தவிர, சிரப்புக்குப் பதில் சர்பத் என்பது தமிழாக்கமும் ஆகாது. குடிப்பதைக் குறிக்கும் ஒரே அரபு வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்கள் அவை. ஒன்று ஐரோப்பா சுற்றி வந்தது, மற்றது பாரசீகம், உருது வழியாக வந்தது. இரண்டும் நல்ல சொற்கள்தாம், பேச்சில் இருக்கட்டும்.

அடுத்து 'எளிய பாகு'. இதில் எனக்கு உறுத்துவது 'எளிய' மட்டுமில்லை, பாகும்தான். நம் சமையலில் பாகு என்றால் கூடவே பதம் வரும். குலாப் ஜாமூனுக்குப் பிசுக்குப் பதம், அப்புறம் ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, உருட்டுப் பதம். விரலில் தொட்டு இழுத்துக் கம்பி வருகிறதா என்று பார்க்காமல் பாகை யாரும் இறக்குவதில்லை. சிம்பிள் சிரப்போ காய்ச்சிச் சுண்டவைப்பதே இல்லை. சர்க்கரை கரைந்ததும் வேலை முடிந்தது. பொறுமை இருந்தால் அடுப்பே வேண்டாம், புட்டியில் போட்டுக் குலுக்கினாலே கரைந்துவிடும். எங்கள் பக்கத்துச் சமையல் மாஸ்டரிடம் இதைப் பாகு என்று காட்டினால் 'இன்னும் தண்ணியா இருக்கே' என்பார்.

வேதியியலும் அவர் பக்கம்தான். சம எடை சர்க்கரையும் தண்ணீரும் என்றால் நூற்றுக்கு 50 பங்கு சர்க்கரை. சர்க்கரையின் எடை விழுக்காட்டைச் சொல்லும் பிரிக்ஸ் கணக்கில் 50. அது கொதிப்பது சுமார் 102 டிகிரி செல்சியஸில். கம்பிப் பதங்களில் நீர் இன்னும் வற்றியிருக்கும். 80 பங்கு சர்க்கரை சேர்ந்துவிட்டால் கொதிநிலை 112 டிகிரியை ஒட்டிப் போய்விடும். பள்ளிப் பாடநூலில் விஸ்காசிட்டிக்குப் 'பாகுநிலை' என்று வைத்திருப்பதையும் கவனியுங்கள். ஓடத் தயங்கும் தடிமன்தான் பாகு என்ற சொல்லின் உயிர்.

அதனால் சிம்பிள் சிரப்புக்கு என் முன்மொழிவு 'நீர்ப்பாகு'. நீர்மோர் இருக்கிறது, நீர்ப்பாகு இருக்கக் கூடாதா? பாகுதான், ஆனால் நீர்த்தது என்று சொல்லே சொல்லிவிடுகிறது. 'சர்க்கரைக் கரைசல்' என்றும் சிலர் எழுதுவார்கள். அது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலை நினைவூட்டும். விருந்துக்கு வந்தவருக்குக் கொடுக்க முடியாது.

ஒரு பங்கு தண்ணீருக்கு இரு பங்கு சர்க்கரை என்று செய்வதைக் 'கெட்டிப்பாகு' எனலாம். அதில் சர்க்கரை 66.7 விழுக்காடு. இந்திய மருந்தியல் தரநூலில் மருந்துகளுக்கு அடிப்படையாக வரும் வெறும் சிரப்பின் அளவும் இதுதான். அறை வெப்பத்தில் தண்ணீர் தாங்கக்கூடிய எல்லையை அது கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் போனால் புட்டியின் அடியில் சர்க்கரை படிகமாகப் பூத்துப்போகும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சுகிறார்களே, அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும், பூப்பது குறையும். கெட்டிப்பாகு கெடாமல் நிற்பதற்கும் காரணம் அடர்த்திதான். கிருமி வளரத் தேவையான நீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. நீர்ப்பாகுக்கு அந்தப் பலம் இல்லை, ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். புதினா, பழம் போட்டது என்றால் ஓரிரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கப் கணக்கு எழுதுகிறீர்களா, எடைக் கணக்கா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கப் சர்க்கரை 200 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். கப்புக்குக் கப் போட்டால் 50 வராது, 45 சொச்சம்தான்.

இனி மணப்பாகு. 'சுவைப்பாகு' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே மறுத்துவிடுகிறேன். பாகு இனிப்பது நாக்குக்கே தெரியும். ஏலக்காயும் ரோஜாவும் நன்னாரியும் தருவது மூக்குக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு ரோஸ்மில்க் குடித்துப் பாருங்கள், வெறும் இனிப்புப் பால்தான். இஞ்சியில் காரமும் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும், மணமும் இருக்கிறதே.

ஒரே ஒரு தயக்கம். மணப்பாகு என்றதும் ஆடாதோடையின் கசப்பும் இருமலும் நினைவுக்கு வரும். மாதுளை மணப்பாகை முன்னால் நிறுத்தினால் அது போய்விடும். நல்ல மாதுளை மணப்பாகைச் சோடாவில் விட்டுக் குடித்தவர் மருந்து என்று முகம் சுளிக்க மாட்டார்.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பக்கம் இதைச் சீனிப்பாணி என்றுதான் சொல்லுவம். தேன் மாதிரி ஓடுற எதுவும் பாணிதான். பனம்பாணி, தயிருக்கு விடுகிற கித்துள் (கூந்தற்பனை) பாணி, ஏன், இருமலுக்குக் குடிக்கிறதே பாணி மருந்துதான். தமிழ்நாட்டில் பாணி என்றால் 'ரஜினி பாணி' என்று போய்விடும் எண்டு தெரியும், அதனால் வற்புறுத்தேல்லை. அடைப்புக்குறிக்குள் 'இலங்கையில் பாணி' என்று ஒரு வரி போட்டால் போதும்.

ஆனால் மதுரை அண்ணைக்கும் மருத்துவருக்கும் ஒரு கேள்வி. மணம் வரும்வரை காய்ச்சுவது மணப்பாகு எண்டால், வீட்டில் மணம் வந்தால் அது சட்டியை விட்டுப் போகுது எண்டுதானே அர்த்தம்? நன்னாரியை எடுங்கோ. வேரைத் தட்டி, நடு நரம்பை எடுத்துப்போட்டு, இரவு முழுக்க ஊறவைக்கிறம். அதின்ர வாசனை, வனிலா மணம் தருகிற வனிலினுக்கு நெருங்கின உறவுள்ள ஒரு பொருள், ஆவியோட பறந்துபோகும். மூடாமல் கொதிக்க வைத்தால் வீடு மணக்கும், போத்தில் மணக்காது. ரோஜா இதழும் அப்படித்தான், அடுப்பை நிப்பாட்டின பிறகு போட்டு மூட வேணும்.

இன்னொன்று. தேசிக்காய் (எலுமிச்சை) தோலையோ தோடம்பழ (ஆரஞ்சு) தோலையோ வெள்ளைப் பகுதி வராமல் சீவி, சீனியில் பிசறி ஒரு ராத்திரி விட்டால் தோலில் இருக்கிற எண்ணெயைச் சீனி இழுத்துப்போடும். அதுக்குப் பிறகுதான் தண்ணி. அடுப்பே படாது. அதுவும் மணப்பாகோ?

மறுமொழி, சித்த மருத்துவரிடமிருந்து

கேள்வி நியாயம். மருந்துக்குக் காய்ச்சுவது சாற்றின் நீரை வற்றவைத்து, நாள்பட நிற்க வைப்பதற்காக. மணம் பதத்துக்கு அடையாளம். உங்கள் பானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், செய்முறையை உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையிலா இன்று இளகம் (லேகியம்) எல்லாம் கிண்டுகிறார்கள்?

தோல் எண்ணெயைச் சீனி இழுப்பதற்குத் தனிச்சொல்லே வைக்கலாம். இஞ்சியையும் நெல்லியையும் தேனில் ஊறவைப்பது தேனூறல். அதே வழியில் இது சீனியூறல்.

தொடக்க மடல் எழுதியவரிடமிருந்து

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எழுதப்போகிறேன்:

நீர்ப்பாகு: சம எடை சர்க்கரையும் தண்ணீரும் கரைத்தது, பதம் பார்க்கத் தேவையில்லை. கெட்டிப்பாகு: தண்ணீரின் இரு மடங்கு எடை சர்க்கரை சேர்த்தது. மணப்பாகு: மேற்கண்ட இரண்டில் ஒன்றில் இலை, பூ, வேர், தோல், பழச்சாறு ஆகியவற்றின் மணம் ஏற்றியது. (இலங்கையில் இவை எல்லாம் பாணி.)

சேலத்து நண்பரின் மனம் கோணாமல் இருக்க, நன்னாரி மணப்பாகில் தண்ணீரும் எலுமிச்சையும் சேர்த்துக் கிளாஸில் ஊற்றியதைச் சர்பத் என்றே எழுதியிருக்கிறேன்.

சீனியூறல் மட்டும் முடிவாகவில்லை. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வரைவைப் படித்த என் தம்பி, ஊறல் என்றதும், 'பேரல் பேரலாக ஊறல் அழிப்பு' என்ற சாராய ரெய்டு செய்திதான் நினைவுக்கு வருகிறது என்கிறான். தேனூறலுக்கு அந்தச் சிக்கல் வந்ததா, மருத்துவர் ஐயா?