கசிப்புக்காரனைப் பிடிக்கச் செயலி போதுமாம்!

கல்லடிக்காரன்:
“டுபாயில் எல்லோரும் குற்றங்களைப் பொலிஸுக்கு அறிவிக்க ‘பொலிஸ் ஐ’ செயலி பாவிக்கிறார்கள். நம்ம சனம் சோம்பேறி, இங்கே செயலி தந்தாலும் தொடாது” என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். சோம்பேறியாம்! ஒழுங்கைக் கடைசியில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்பவனைப் பற்றி நான் அனுப்பினால் என் நம்பர் யார் கையில் இருக்கும்? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

டுபாய் ரிட்டர்ன்:
அந்த மேதாவி நான்தான். அங்கே தகவல் சொன்னவர் விபரம் ரகசியம். இங்கேயும் 2025-இல் வீதி விதிமீறலைப் பொலிஸுக்கு அறிவிக்கும் இ-ட்ராபிக் செயலி வந்தது, சனம் வீடியோ அனுப்பத்தானே செய்கிறது?

கல்லடிக்காரன்:
ஓடுகிற டிப்பர்காரனுக்கு என்னைத் தெரியாது. கசிப்புக்காரனுக்கு என் பிள்ளை டியூஷன் போகும் நேரம்கூடத் தெரியும். நம்பர் யார் கையில்?

களுவாஞ்சிக்குடி சேர்:
தம்பிமாரே, சனம் புதுத் தொழில்நுட்பத்தை எப்போது ஏற்கும் என்று ஆய்வாளர் வெங்கடேஷும் கூட்டாளிகளும் 2003-இல் எழுதியதைப் படியுங்கள். பயன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, பாவிக்க இலகு, வேண்டியவர்களின் சொல், கைகொடுக்கும் வசதி. இந்த நான்கும் இருந்தால் சனம் தானாக ஏற்கும்.

கல்லடிக்காரன்:
சேர், அவர்கள் பார்த்தது கந்தோர் ஊழியர்கள் புது சொப்ட்வெயரை எப்படி ஏற்கிறார்கள் என்று. அந்த ஊழியர் வீட்டுக்கு இரவில் யாரும் கல்லெறியவில்லை. இங்கே சிம் எடுக்கவே அடையாள அட்டை வேண்டும். நம்பர் போனால் பெயர், விலாசம் எல்லாம் போனதுதான். முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் ‘தலையாட்டி’ நின்ற காலத்தைப் பார்த்த ஊர் சேர் இது. உங்கள் நான்கில் பயம் எத்தனையாவது?

சம்மாந்துறை மச்சான்:
எங்கள் பக்கம் ஒருவர் முறைப்பாடு கொடுத்துவிட்டு வீடு வருவதற்குள் சந்திக் கடையில் விஷயம் தெரிந்திருந்தது. அவர் வாக்குமூலத்தை எழுதியதும் சிங்களத்தில். வடகிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பில் இருக்கிறதாம்!

டுபாய் ரிட்டர்ன்:
மொழிப் பிரச்சினையை வேறாகப் பேசு மச்சான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கல்லடிக்காரன்:
பேய் இருக்கட்டும். விளையாட்டுக் கழகக் கணக்கைக் கேட்டவன் பெயரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது யார்? ரகசியம் பேச வந்துவிட்டார்.

களுவாஞ்சிக்குடி சேர்:
மூன்றாவது காரணியை யாரும் கவனிக்கவில்லை...

டுபாய் ரிட்டர்ன்:
சேர், கொஞ்சம் பொறுங்கள். கணக்கா? ஜேர்சிக்குக் காசு போட்டது யார் என்று கேள்.

சம்மாந்துறை மச்சான்:
முதல் மழையிலேயே சாயம் போன ஜேர்சிதானே?

டுபாய் ரிட்டர்ன்:
ரசீது இருக்கிறது, நாளைக்குப் போடுகிறேன். அதில் கல்லடிக்காரனின் அண்ணன் கையெழுத்தும் இருக்கிறது.