உயிரோடு இருக்கிற மரக்கன்றுக்கு 7 ரூபாய்: ஊக்கத்தொகை வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கரிசக்காட்டான் (விருதுநகர் பக்கம்):

பசுமைப் போர்வைத் திட்டம், அதாவது விவசாய நிலத்தில் மரம் வளர்க்கத் தமிழ்நாடு அரசு கன்று கொடுக்கிற திட்டம், இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். உழவன் செயலியில் பதிந்தோம், செம்மரமும் வேங்கையும் இலவசமாகக் கொடுத்தார்கள், வரப்பில் வைத்தோம். வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50 கன்று. இரண்டாம் வருடத்திலிருந்து உயிரோடு இருக்கிற கன்றுக்கு வருடம் 7 ரூபாய், மூன்று வருடத்துக்கு.

எண்ண வந்தது சித்திரையில். செம்மரம் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். வந்த தம்பிக்குச் சின்ன வயது. போனில் ஒவ்வொரு கன்றாகப் படம் எடுத்துக்கொண்டு, "இது போயிருச்சு, இதுவும் போயிருச்சு" என்று தாண்டிக்கொண்டே போனார். அப்பா வாதாடவில்லை. குனிந்து கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. அடுத்த கன்று, மறுபடி கீறல், மறுபடி பச்சை. கொஞ்ச தூரம் போனதும் தம்பி நின்றுவிட்டார். "ஐயா, எனக்குத் தெரியுது. போட்டோவுல இலை தெரியணுமே, மேல கேப்பாங்களே."

அதற்குப் பிறகும் அப்பா வரப்பு முடியும்வரை கீறிக்கொண்டேதான் போனார். கணக்கில் பாதிக் கன்று செத்துவிட்டது. மழை விழுந்ததும் எல்லாம் துளிர்த்துவிட்டன. 7 ரூபாய்க்கு இன்றைக்கு டீ கூடக் கிடைக்காது, பணத்துக்காகச் சொல்லவில்லை. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா வரப்புக்குக் கூட்டிப்போய்ப் பட்டையைக் கீறிக் காட்டுகிறார். இதுவரை பிழைத்த மரம் இதில் போய்விடுமோ என்றிருக்கிறது. உங்களுக்கெல்லாம் கணக்கெடுப்பு எப்படி நடந்தது?

வெண்ணாத்தங்கரை (திருவாரூர்):

உங்களுக்காவது வெளியாள் வந்தார். எங்கள் வயலை எண்ணினது நாங்களேதான்.

இரசாயன உரம், மருந்து இல்லாமல் விவசாயம் செய்ய மத்திய அரசு உதவுகிற பரம்பராகத் திட்டத்தில் 2018 வாக்கில் சேர்ந்தோம். 20 ஹெக்டேர் தொகுப்பு. அப்போது ஹெக்டேருக்கு மூன்று வருடத்தில் 50,000 ரூபாய், அதில் 31,000 இடுபொருளுக்காக நேராக விவசாயி கணக்குக்கு. சான்றிதழ் பிஜிஎஸ் முறை. அதாவது என் வயலை நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் வயலை நான். ஆய்வகம், வெளி ஆய்வாளர் என்று செலவு வராமல் இருக்க இப்படி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு மாமா வயலுக்குப் போனோம். உறவில் மாமா, ஊரில் பெரிய மனுசர். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கோரைக்குள்ளே நீல நிறப் பூச்சிமருந்து டப்பா கிடந்தது. மூடி பக்கத்திலேயே. எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் சட்டென்று, "போன வருசத்துதா இருக்கும்" என்றார். மழையில் நனைந்த டப்பா மாதிரி இல்லை, லேபிள் பளபளவென்று இருந்தது. படிவம் கைமாறி வந்தது. எல்லாரும் போட்டார்கள். கடைசியில் எங்கள் குழுவில் இருந்த ஒரே பெண்மணி, ஒன்றரை ஏக்கர்க்காரர், பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "எனக்குக் கை வலிக்குது தம்பி, நீங்களே பாத்துக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, புகார் இல்லை. அந்த மாமா அடுத்த பொங்கலுக்கு அந்த அம்மா வீட்டுக்குக் கரும்பு அனுப்பவில்லை.

ரிட்டயர்டு ஏஏஓ:

நான் இந்தத் துறையில் இருந்தவன். முதல் பதிவு போட்ட தம்பிக்கு: எண்ண வந்தவர்மேல் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு உதவி வேளாண்மை அலுவலருக்கு (ஏஏஓ) எத்தனை கிராமம் என்று தெரியுமா? ஒரு முறை நான் கன்று எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி, "ஒத்தக் கன்னுக்கு எங்களுக்கு ஏழு ரூவா, அத எண்றதுக்கு ஒனக்கு எவ்வளவு சாமி?" என்று கேட்டது. இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, நீங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான். செம்மரம், வேங்கை மாதிரி இலையுதிர்க்கிற மரமாக இருந்தால் மார்கழியிலேயே தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு எண் எழுதுங்கள். சிட்டா, அடங்கல் என்கிற நிலப் பதிவுகள் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுப்பட்டா என்றால் பங்காளிகளிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மரம் பெருத்த பிறகு ஒருவரும் போட மாட்டார்கள். ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும், பேரில் ஒரு எழுத்து மாறினாலும் பணம் திரும்பிவிடும். அப்புறம் முக்கியமானது: செம்மரமோ சந்தனமோ சொந்தப் பட்டா நிலத்தில் வைத்தாலும் அடங்கலில் ஏற்றிவிடுங்கள். வெட்டுகிற காலத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கட்டை நகராது. ஆட்டுக்கு முள் கட்டுங்கள். வரப்பு மரம் என்றால் பக்கவாட்டுக் கிளையைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் நிழல் விழுகிறது என்று பக்கத்து வயல்காரர் வருவார்.

திருவாரூர்க்காரருக்கு: பிஜிஎஸ்ஸில் ஒருவர் தவறினால் அவருக்கு மட்டும் தடை போட வழி இருக்கிறது. குழு உடையும் என்று பயப்படத் தேவையே இல்லை.

வெண்ணாத்தங்கரை:

சார், வழி இருப்பது எங்களுக்கும் தெரியும். அந்த வழியில் முதலில் யார் நடப்பது? நீங்கள் எங்கள் ஊரில் பெண் எடுத்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

குத்தகைக்காரன் (கோபி பக்கம்):

சிட்டா, அடங்கல் என்று பட்டியல் போடுகிறீர்களே, அது இரண்டும் இல்லாதவன் கதையைக் கேளுங்கள்.

நான் உழுகிறது குத்தகை நிலம். வாய்ப்பேச்சுத்தான், எழுத்து கிடையாது. உரிமையாளர் சென்னையில். இயற்கை விவசாயக் குழுவில் சேர நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேர்தான் போகும் என்றார்கள். அவரும் தாராளமாக ஆதார் நகலைக் கொடுத்தார். சாணமும் கோமியமும் சேர்த்து ஜீவாமிர்தம் கரைத்தது, நாட்டு மாட்டுக் கோமியத்துக்கு விடியக்காலையில் கட்டுத்தறியில் காத்திருந்தது, முதல் போகம் மகசூல் விழுந்ததைத் தாங்கினது எல்லாம் நான்.

ஒரு நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன். "ஏப்பா, என் அக்கவுண்ட்டுல ஏதோ கவருமெண்ட்டுப் பணம் வந்திருக்கு. கேஸ் மானியமா? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. சொன்னதும், "அட, அதுவா. சரி, குத்தகையில கழிச்சுக்கலாம்" என்றார். கழித்தார், முழுதாக இல்லை. மிச்சத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் குத்தகையைப் புதுப்பிக்கிறபோது, "இப்ப மண்ணு நல்லாயிருச்சில்ல" என்று கொஞ்சம் ஏற்றினார்.

சித்தூர்த் தமிழன் (பாலக்காடு):

குத்தகைக்காரர் மனசு நோகக்கூடாது, ஆனாலும் உரிமையாளருக்குக் கொடுப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கேரளத்தில் 2020லிருந்து நெல்வயல் வைத்திருக்கிறவருக்கு ராயல்டி தருகிறார்கள். ஆரம்பத்தில் ஹெக்டேருக்கு வருடம் 2,000 ரூபாய். விளைச்சலுக்காக இல்லை. வயலை மண் கொட்டி மூடாமல் வயலாகவே விட்டதற்கு. வயல் இருந்தால்தான் மழைத் தண்ணீர் நிற்கும், கிணறு ஊறும், அந்தச் சேவைக்கு என்று கணக்கு. நெல்வயலை மூடக்கூடாது என்று 2008லேயே சட்டம் வந்தாயிற்று. தடியை மட்டும் காட்டினால் போதாது என்று பிறகு காசும் வந்தது.

என் பெரியப்பாவுக்கு அது வந்த அன்றைக்கு நிலத் தரகர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா பாஸ்புக்கை நீட்டி, "பாரு, விக்காததுக்கும் காசு தர்றான்" என்றார். தரகர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு சென்ட்டு வேலிக்குக் கல்லு வாங்க முடியுமா மூப்பரே?" என்று சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். வயல் இன்னும் இருக்கிறது. காசுக்காக இருக்கிறதா, பெரியப்பா இருப்பதால் இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

குத்தகைக்காரன்:

அங்கே விற்காமல் இருந்தவருக்குக் காசு, சரி. இங்கே கோமியம் சுமந்தவனுக்கு? இரண்டும் ஒன்றா?

கடைமடை (நாகப்பட்டினம்):

இங்கே எல்லாரும் அழுகிறீர்கள், நான் சிரிக்க ஒன்று சொல்கிறேன்.

கார்பன் வரவு என்று ஒரு கம்பெனி ஆள் வந்தார். பேர் வேண்டாம். நெல் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைத்தால் காற்றுப் போகாமல் மண்ணிலிருந்து மீத்தேன் கிளம்பும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விட்டால் குறையும், குறைந்ததை வெளிநாட்டில் விற்று உங்களுக்குப் பங்கு தருவோம் என்றார். திருந்திய நெல் சாகுபடி வந்த காலத்திலிருந்து காய்ச்சலும் பாய்ச்சலும் எங்களுக்குப் பழக்கம்தான், அதனால் சரி என்றோம். துளை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் புதைத்தார்கள். உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினதும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அப்புறம்தான் பாய்ச்ச வேண்டும்.

படம் அனுப்ப வேண்டிய வாரம் பார்த்து மழை. கடைமடையில் மழை பெய்தால் வடிய வைப்பதே பெரிய பாடு. வயல் தளும்ப நிற்கிறது. ஆள் போனில், "அண்ணே, குழாய்க்குள்ள இருக்கிறத மட்டும் எறைச்சிட்டு ஒரு போட்டோ எடுத்திடுங்க" என்கிறார். என் மச்சான் நிஜமாகவே டம்ளரை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டான். எறைக்கிறான், ஊறுகிறது. எறைக்கிறான், ஊறுகிறது. துளை போட்ட குழாய், ஊறாமல் என்ன செய்யும்? "மாமா, இது அடியில ஓட்டை போலிருக்கு" என்கிறான். நடுவில் நண்டு ஒன்று வேறு டம்ளரில் ஏறிவிட்டது.

படம் போகவில்லை. பங்கும் வரவில்லை. குழாய் இன்னும் இருக்கிறது. தண்ணீர் எப்போது விடலாம் என்று பார்க்க உண்மையிலேயே உதவுகிறது, டீசல் மிச்சம்.

இரணைமடு (கிளிநொச்சி, இலங்கை):

காசு குறைவு, பிந்தி வருகுது என்று கதைக்கிறீர்கள். எங்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டார்கள். நாடு முழுக்கச் சேதனப் பசளை, அதுதான் இயற்கை உரம், என்றார்கள். விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருடம் மாறுவதற்குத் தவணை, பயிற்சி, இடையில் விழுகிற விளைச்சலுக்குக் காசு, உங்கட பக்கம் இருக்கிற அந்த ஒழுங்கு ஒன்றுமே இல்லை. பெரும்போக விதைப்புக்கு எங்களுக்கு வந்த பசளைப் பையை அவிழ்த்துக் கொட்டினேன். பாதி மக்காத குப்பை. அதற்குள்ளே ஒரு சின்னப் பிள்ளையின்ர செருப்பு, ஒற்றை, ரோஸ் கலர். மனிசி அதைக் கழுவி வேலியில் கொழுவிவிட்டா, யாரும் தேடி வந்தால் எடுக்கட்டும் என்று. யார் தேடி வாறது?

நவம்பரில் தடையை எடுத்தார்கள். எங்கட வயல் அப்போது மஞ்சள் பிடித்துவிட்டது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு என்று அறிவித்தார்கள். நட்டம் வந்த பிறகு தருகிற காசும், மாறச் சொல்லித் தருகிற காசும் ஒன்றில்லை. திருவாரூர் அண்ணை, உங்கட மாமா டப்பாவை ஒளித்து வைத்தது பிழைதான். ஆனால் எனக்கு அந்த ஆளில் கோபம் வரவில்லை.

வெண்ணாத்தங்கரை:

எனக்கும் அவர்மேல் கோபம் இல்லை அண்ணே. புகையான் பூச்சி விழுந்தால் மூன்று நாளில் வயல் காய்ந்துவிடும், அவருக்கு மகள் கல்யாணம் வேறு. பேனாவைத் திருப்பிக் கொடுத்தவரைத்தான் மறக்க முடியவில்லை. மூன்று வருடம் முடிந்து சான்றிதழ் வந்தபோது அவர் பேரும் அதில் இருந்தது, அந்த மாமா பேரும் இருந்தது.

கரிசக்காட்டான்:

ஏஏஓ சார், குற்றம் சொல்லவே இல்லையே. அந்தத் தம்பி போகும்போது எங்கள் கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு அப்பாவிடம், "தை மாசத்துல எண்ணச் சொல்லி எழுதிப் போடுங்கய்யா" என்று அவரே சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா எழுதினார். பதில் வரவில்லை.

கிடைக்காரன் மகன் (சிவகங்கை):

எங்களுக்கு நிலமே கிடையாது, இங்கே எழுதலாமா தெரியவில்லை. ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம். அறுப்பு முடிந்ததும் அப்பா மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் பக்கம் போவார். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, எருவுக்காக ஆடுகளை வயலில் வலை கட்டி அடைப்பார்கள். சில ஊரில் காசு, சில ஊரில் நெல். மண்ணை வளமாக்கச் சொல்லிக் காசு கொடுப்பதை அரசாங்கம்தான் கண்டுபிடித்தது என்பது மாதிரி எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

வழக்கமாகக் கூப்பிடுகிற ஒருவர் இயற்கைக் குழு ஒன்றில் சேர்ந்தார். நான் அப்போது லீவுக்கு அப்பாவோடு போயிருந்தேன். காலையில் வலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது வந்தார், பணத்தைக் கொடுத்தார், கொடுத்துவிட்டு நின்றார். "கீதாரி, கோவிச்சுக்காதீங்க. கிடைக்குக் குடுத்ததுக்கு ஒரு பில் வேணும். குழுவுல செலவுக் கணக்குக் காட்டணும்." அப்பாவுக்குப் புரியவில்லை. "புழுக்கைக்கா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் நகரவில்லை. அப்பா என்னிடம் எழுதச் சொன்னார். பையில் இருந்த பழைய காலண்டர் தாள் பின்பக்கத்தில் தேதி, ஆடு எத்தனை, ராத்திரி எத்தனை, தொகை எல்லாம் எழுதினேன். அப்பா கீழே பெயரை எழுதினார். அவருக்கு எழுத வருவது அது ஒன்றுதான், மெதுவாக எழுதினார்.

அது செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த வருடம் அந்த வயலுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. மண்புழு உரம் மூட்டையில் இறக்கியிருந்தார், ரசீதோடு. வழியில் பார்த்தபோது அவர்தான் முதலில் கும்பிட்டார்.

ரிட்டயர்டு ஏஏஓ:

தம்பி, உங்கள் அப்பா ஆடு வளர்ப்போர் குழுவாகப் பதிவு செய்துகொண்டால் ரசீதுப் புத்தகம் அடிக்கலாம். பான் அட்டை வேண்டும். நிரந்தர முகவரிக்கு ரேஷன் கார்டு போதும். மாவட்டம் விட்டு மாவட்டம் போவதால் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசிச் சான்றும் வாங்கிக் கையில் வையுங்கள். எந்த ஊர் என்று சொன்னால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கிடைக்காரன் மகன்:

சார், மாசிக்கு அப்புறம் எந்த ஊரில் இருப்பார் என்று எங்கள் அம்மாவுக்கே தெரியாது.