புரொஜெஸ்டிரோன் எண்ணெய் மருந்துக்கு எந்த கேஜ் ஊசி?

வணக்கம். மதுரை, வயது 34. ஐ.வி.எஃப். சிகிச்சையில் கரு வைத்து 9 நாள் ஆகிறது. தினமும் இரவு, கரு தங்க உதவும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் 100 மி.கி., 2 மி.லி. எண்ணெய் மருந்து இடுப்பில் போட வேண்டும். பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா வந்து போடுகிறார்.

சிரிஞ்சோடு வரும் ஊதா நிற 24 கேஜ், 1 அங்குல ஊசிதான் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது). மருந்து விளக்கெண்ணெய் மாதிரி கெட்டி, இறங்கவே மாட்டேன் என்கிறது. முந்தாநாள் அழுத்திய அழுத்தில் ஊசி கழன்று பாதி மருந்து கீழே போய்விட்டது. அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. நான்காம் நாளிலிருந்து இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. காய்ச்சல் இல்லை, சிவக்கவும் இல்லை, ஆனால் உட்கார முடியவில்லை.

ஆம்பூலை (மருந்துள்ள கண்ணாடிக் குப்பியை) உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தோம். பக்கம் மாற்றிப் போடுகிறோம், வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தாயிற்று. மருத்துவமனைக்குப் போன் செய்தால் ‘கடையில் கிடைப்பதை வாங்குங்கள்’ என்கிறார்கள். கடையில் 21 பச்சை, 22 கறுப்பு, 23 நீலம் இருக்கின்றன. நான் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. 1 அங்குலம் தசை வரை போகாமல் கொழுப்பிலேயே நிற்கிறதோ என்றும் சந்தேகம்.

எண்ணெய் ஊசி போட்டுப் பழகிய நர்ஸ்கள் சொல்லுங்கள்: 18 கேஜ் ஊசியால் மருந்தை உறிஞ்சி, 22 கறுப்பு ஒன்றரை அங்குலத்தில் போடுவது சரியா, இல்லை 23 போதுமா?